வாய்க்கால் கணக்கில் எந்த எண்?

கேள்வி: வயல் வாய்க்காலில் விநாடிக்கு 111 லிட்டர் தண்ணீர் வர வேண்டும் என்று, பொறியியல் பணித் தேர்வுக்குப் படிக்கும் மகள் கணக்குப் போட்டிருக்கிறார். கடைமடைக்குப் பாதிதான் வருகிறது. அடி அகலம் 60 செ.மீ., நீர் ஆழம் 30 செ.மீ., கரைச் சரிவு 1:1, வாட்டம் 1000-க்கு 1. பிழை எங்கே?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பெருக்கலில் பிழை இல்லை, எடுத்த எண்ணில் இருக்கிறது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-ல் முன்வைத்த, அவர் பெயராலேயே வழங்கும் சூத்திரத்தில் 'சொரசொரப்புக் கெழு' என்று ஓர் எண் உண்டு. வாய்க்காலின் அடியும் கரையும் தண்ணீரை எவ்வளவு தடுக்கின்றன என்பதை அது சொல்கிறது. கெழு இரட்டித்தால், அதே ஆழத்தில் ஓடும் நீர் பாதியாகிவிடும்.

111 லிட்டர் வருகிறது என்றால் மகள் எடுத்தது 0.025. அது சுத்தமான மண் வாய்க்காலுக்கு உரிய எண். வழக்கத்தில் உள்ள அளவுகள்:

* நல்ல சிமெண்ட் வாய்க்கால்: 0.013 – 0.015
* சுத்தமான, நேரான மண் வாய்க்கால்: 0.018 – 0.025
* குட்டைப் புல், கொஞ்சம் களை: 0.022 – 0.033
* அடி சுத்தம், கரையில் புதர்: 0.040 – 0.080
* நீர்மட்டம் வரை அடர்ந்த களை: 0.050 – 0.120

கோரையும் காட்டாமணக்கும் மண்டிய வாய்க்காலுக்கு 0.050 போட்டால் 56 லிட்டர்தான் வரும். ஆக, மண்ணா சிமெண்டா என்று மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் ஓடும் காலத்தில் வாய்க்கால் எந்த நிலையில் இருக்கும் என்று பார்த்தே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. நேரான 10 மீட்டர் தூரத்தில் ஒரு தக்கையை மிதக்க விட்டு நேரம் பார்க்கலாம். மேல்மட்ட வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். இந்த வாய்க்காலில் 40 விநாடி ஆனால் சுமார் 57 லிட்டர். 20 விநாடிக்குச் சற்றே கூடினால் 111 லிட்டர்.

தேர்வு எழுதுவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வியிலேயே கெழு தந்திருந்தால் அதையே எடுக்க வேண்டும். தராவிட்டால், 'புதிதாக வெட்டிய', 'களை மண்டிய' போன்ற சொற்களே வழிகாட்டி. வாய்க்காலின் கொள்ளளவைப் பார்க்கக் கூடுதல் கெழுவும், கரை அரிக்குமா என்று பார்க்கக் குறைந்த கெழுவும் போடுவதே பாதுகாப்பு. களை எடுத்ததும் வேகம் கூடிவிடும் அல்லவா?

குழாய்க் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தின் 'சி' எண் தலைகீழ்: வழவழப்பான பி.வி.சி. குழாய்க்கு 150, பழைய இரும்புக் குழாய்க்கு 100 அளவில். அங்கே எண் கூடினால் தடை குறையும்.

கணக்கைத் திருத்தினால் மகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். கடைமடைக்குத் தண்ணீர் கிடைக்க வாய்க்காலைத்தான் திருத்த வேண்டும். மேட்டூர் திறப்புக்கு முன்பே, தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்து களை எடுத்தால், ஒரு சாண்கூட அகலப்படுத்தாமல் இதே வாய்க்காலில் இரு மடங்கு நீர் ஓடும்.