மருந்துப் பரிசோதனையும் மலைநாட்டு அங்கத்தினரும்

எடப்புளி நாட்டில் மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர் சிலர் அண்மைக் காலமாக ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். வயிற்றை ஸ்கேன் எடுத்த இடத்தில் 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதித் தந்துவிட்டார்கள். இந்நோய்க்கான புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர யாரேனும் அழைத்தால் சேரலாமா, கூடாதா? 'எலிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வார்களோ' என்று அஞ்சுவோரும் உளர். இது வைத்தியர்களுக்கே உரிய வினா என்று நாம் ஒதுங்குவதற்கில்லை. இதில் கையொப்பமும் சாட்சியும் வருகின்றன. அவை சங்க வேலையின் உயிர்நிலை அல்லவா?

சேரலாம் என்பதே என் கருத்து. ஆனால் சங்கம் ஆள் சேர்த்துக் கொடுக்கலாகாது.

கொழுப்பு ஈரல் என்பது தொந்தி பெருத்த பட்டணவாசியின் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் நடைபெற்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி அவ்வெண்ணத்தைக் குலைத்தது. 1,911 பேரைச் சோதித்ததில், மதுவினால் வராத கொழுப்பு ஈரல் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இருந்தது. அவர்களில் முக்கால் பங்கினர் பருத்த உடலினர் அல்லர். சாமை விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறி, அடுப்பில் ரேஷன் அரிசி ஏறியுள்ள இக்காலத்தில், மெலிந்த மேனியைக் காட்டி நோயில்லை என்று நாமும் சொல்லிக்கொள்ள இயலாது. மெலிந்த உழைப்பாளிக்கு எம்மருந்து பொருந்தும் என்பதை, அவனும் சோதனைக்கு வந்தாலன்றி யாரும் அறியப் போவதில்லை.

சோதனையில் ஒரு சாராருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை தருவது பலருக்கு ஏமாற்றாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் என்னும் ஈரல் மருந்தின் கணக்கைப் பாருங்கள். 966 பேர் சேர்ந்த அச்சோதனையில், 52 வாரங்களுக்குப் பின், மருந்துண்டவர்களில் நூற்றுக்கு 26 முதல் 30 பேர் வரை ஈரல் அழற்சி நீங்கப் பெற்றனர். வெறும் மாத்திரை உண்டவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீங்கியது! அப்பத்துப் பேரைக் கழிக்காமல் மருந்தின் பலனைச் சொல்வது, ஆரம்ப இருப்பைக் கழிக்காமல் இவ்வாண்டு லாபம் காட்டுவது போன்றதாகும். எந்தத் தணிக்கையாளர் அதை ஒப்புவார்?

நம் வரப்போரத்துக் கீழாநெல்லியும் இவ்வழியே நிறுக்கப்பட்டதுதான். ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் 'பி' கிருமியைத் தாங்கியிருந்தவர்களுக்குச் சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழுவினர் அதனைக் கொடுத்துப் பார்த்து 1988-இல் முடிவை வெளியிட்டனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெறும் பொருள் உண்ட 23 பேரில் ஒருவருக்கும் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஆயினும் 1990-இல் வெளியான தாய்லாந்துச் சோதனையில் அப்பலன் காணப்படவில்லை. கீழாநெல்லியை நம்புவோருக்கு இது கசப்பான செய்திதான். அதற்காகத் தராசைக் குறை கூறலாமா?

இனி, சங்கத்துக்கு ஏன் வேலையில்லை என்கிறேன்? 2009-இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சியொன்று பழங்குடிச் சிறுமியரிடையே நடந்தது. பெற்றோர் இடவேண்டிய கையொப்பத்தைப் பலருக்கு விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் இட்டிருந்தனர். 2010-இல் பணி நிறுத்தப்பட்டது. 2013-இல் பாராளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணை கருதியது. ஆயினும் பிறருக்காகக் கையொப்பமிட்ட குற்றம் தீர்ந்துவிடவில்லை.

விடுதிக் காப்பாளர் செய்ததை நாளை நம் காரியதரிசி செய்தல் எளிது. ஊர்க்கவுண்டர் செய்தல் அதனினும் எளிது. பயிர்க்கடன் மனுவைக் கையில் வைத்திருப்பவர் நீட்டும் தாளை எந்த அங்கத்தினர் மறுப்பார்? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதிக்கும்போது நடுநிலையான சாட்சி உடனிருக்க வேண்டும் என்கின்றன. கடன் தருபவர் நடுநிலையாளர் ஆகார். ஆகையால் மகாநாட்டிலோ மகாசபையிலோ தீர்மானம் போட்டுப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வழக்கம் இதில் வேண்டாம். சங்க முத்திரை அப்படிவத்தின் அருகே செல்லவே வேண்டாம்.

படிவத்தை முன்னதாகவே வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் அங்கத்தினரின் உரிமை. படித்த பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டின் எண் உண்டா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் இப்பதிவு கட்டாயமாக உள்ளது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. காரணம் கூறாமலே நடுவில் விலகலாம். விலகியதற்காக ஆஸ்பத்திரியில் வழக்கமான சிகிச்சையை மறுக்கலாகாது.

ஓராண்டுச் சோதனை என்றால் எத்தனை முறை எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஏற வேண்டும், ஈரலில் ஊசியிட்டுச் சதை எடுப்பார்களா, பஸ் செலவும் அன்றைய கூலியும் யார் தருவார், இரத்தம் எடுக்க அவர்களே செம்மேட்டுக்கு வருவார்களா, மரவள்ளி பிடுங்கும் மாதத்தில் வரச் சொல்வார்களா? இவற்றைக் கையொப்பமிடுவதற்கு முன்னரே கேட்டு எழுதி வாங்கிக்கொள்க.