எடின்பரோவில் குடித்தனம்

பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டில் நடக்கிற அமர்க்களம் நமக்குத் தெரியாததா! குக்கர் ஒரு பக்கம், கம்பளிச் சட்டை ஒரு பக்கம், ஆறு மாதத்துக்குச் சாம்பார்ப் பொடி ஒரு பக்கம். (நெய்யையும் பால்கோவாவையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், அம்மா. பால் சேர்ந்த பண்டங்களை இங்கிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.) எல்லாம் கட்டி முடித்த பிறகும் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. போகிற ஊரில் இந்தப் பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கப் போகிறது?

மாப்பிள்ளைக்கு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் வேலை என்று வைத்துக்கொள்வோம். அழகான ஊர்தான், சந்தேகமில்லை. பாறை மேல் கோட்டை; அதன் சரிவில் பழைய நகரம்; பள்ளத்துக்கு அப்பால் புதிய நகரம். புதிய நகரம் என்றதும் நேற்று முளைத்த காலனி என்று எண்ணிவிடாதீர்கள். ஜேம்ஸ் கிரெய்க் என்ற வாலிபர் அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தது 1767-ல்! இரண்டு நகரங்களையும் சேர்த்து 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கோட்டையில் 1861 முதல் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கிறது. ஞாயிறு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி ஆகிய நாட்களில் மட்டும் அதற்கு ஓய்வு.

ஆனால் கோட்டையிலா குடியிருக்கப் போகிறோம்? நடுநகரில் கிடைப்பது பெரும்பாலும் நாலைந்து மாடிக் கல் கட்டடத்தில் ஒரு பகுதி. வாசல் ஒன்று, படிக்கட்டு ஒன்று, குடித்தனங்கள் பல. நம் ஸ்டோர் வீடுகள் போலத்தான். விலாசத்தில் '2 எஃப் 1' என்றிருந்தால் இரண்டாம் மாடி, முதல் வீடு என்று அர்த்தம். லிப்ட் இருக்கும் என்று நம்பி இரும்புப் பெட்டி வாங்கிவிடாதீர்கள்.

பழைய ஜன்னல்கள் பார்க்க லட்சணமாக இருக்கும், குளிர்காற்றுக்கும் வழிவிடும். பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் வீட்டுக்காரரே நினைத்தபடி அவற்றை மாற்றிவிட முடியாது. ஆகவே வீடு பார்க்கும்போது வெளி அழகோடு நிற்காமல், சுவர் மூலையில் பூசணம் இருக்கிறதா, வீட்டைச் சூடாக்க என்ன ஏற்பாடு என்று பாருங்கள். ரசம் கொதிக்கும்போது சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது நல்லது. உள்ளே துணி உலர்த்தும்போதும் அப்படித்தான். இல்லாவிட்டால் ஈரம் சுவரில் இறங்கிவிடும்.

வீடு தேடுவதற்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் மிகவும் கஷ்டம். ஆகஸ்டில் 1947 முதல் நடந்துவரும் கலைவிழாக் கூட்டம். அது கலைவதற்குள் கல்லூரி மாணவர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அவசரத்தில் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்புவது ஆபத்து. ஸ்காட்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் தம் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், 30 வேலை நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். வாடகைப் பத்திரம், மின்சாரப் பில், பாங்கிக் கணக்கு எல்லாம் மாப்பிள்ளை பெயரிலேயே அமைந்துவிடுகின்றன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, சௌகரியத்துக்காகச் செய்வதுதான். ஆனால் நாலு மாதம் கழித்து அவள் தனக்கென்று பாங்கிக் கணக்குத் திறக்கப் போனால், "இந்த விலாசத்தில் வசிப்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்பார்கள். வேலை செய்யும் கணவரோடு சேர்ந்து வாழும் விசாவில் போனவள் அங்கே அநேகமாக எந்த வேலைக்கும் போகலாம். ஆனால் சம்பளம் வந்து சேரக் கணக்கு வேண்டாமா?

ஆகவே வாடகைப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். பெயர் சேர்ந்தால் வாடகைப் பொறுப்பும் சேரும். அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடட்டும். முடியாவிட்டால், ஒரு பில்லாவது அவள் பெயரில் வரட்டும். விசா இப்போது மின்னணுப் பதிவாக இருப்பதால், அதைத் திறக்கும் கணக்கும் ரகசியச் சொல்லும் அவள் கையிலேயே இருக்க வேண்டும். டாக்டரிடம் பெயர் பதிவதும் முதல் வாரத்து வேலை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு ஸ்காட்லாந்தில் 2011 முதல் கட்டணம் இல்லை.

டிசம்பரில் அங்கே சூரியன் எட்டே முக்காலுக்குச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்து, மூன்றே முக்காலுக்குள் போய்விடுவான். கணவர் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருந்தால் மனம் சோர்ந்துவிடும். 1890-ல் திறந்த மத்திய நூலகத்தில் அங்கத்தினராகக் காசு கேட்பதில்லை. தேசியப் பொருட்காட்சி சாலைக்கும் டிக்கெட் கிடையாது. படிக்கட்டில் எதிர்ப்படும் எதிர்வீட்டு அம்மாளிடம் குப்பை போடும் நாள் எது என்று கேட்டாலே பேச்சுக்கு ஒரு வழி பிறந்துவிடும்.

தாய்மார்களே, டெலிபோனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள். கூடவே, "உன் பெயருக்குத் தபால் ஏதாவது வந்ததா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.