உப்பளக் கரையின் பாட்டு ரேடியோவில் ஒலிக்குமா?

மரக்காணத்தில் வெயில் ஏறும் முன்பே வேலை தொடங்கிவிடும். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியில் நிற்க முடியாது. ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்குகிறார்கள். பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். இரண்டு கைக்கும் வேலை. கண்ணுக்கும் வேலை. காது மட்டும் சும்மா இருக்கிறது!

அந்தக் காதுக்குத் துணை ரேடியோ. முன்பு பெட்டியாக இருந்தது. இப்போது செல்போனுக்குள் இருக்கிறது. வரப்பின் மேல் வைத்தால் போதும், பாட்டு வரும்.

என்ன பாட்டு? காலையில் சினிமாப் பாட்டு. மாலையிலும் சினிமாப் பாட்டு.

சினிமாப் பாட்டு கூடாது என்பதல்ல. அதில் நல்ல பாட்டுகள் எத்தனையோ உண்டு. ஆனால், சினிமாவில் சேராத புதிய பாட்டுகளும் தமிழில் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஊர் இளைஞர்களே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறார்கள். அவை ஏன் ரேடியோவில் அதிகம் வருவதில்லை?

வழி காட்டிய பாணர்

பாடுகிறவருக்கு வழி காட்ட ஒருவர் வேண்டும். இது நம் முன்னோர் அறிந்த செய்தி. சங்க நூல்களில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. பரிசு பெற்ற பாணர் ஒருவர், வறுமையில் வாடும் இன்னொரு பாணருக்கு வழி சொல்கிறார். பாட்டை மதிக்கும் நல்லியக்கோடன் என்ற வள்ளலிடம் அவரை அனுப்பி வைக்கிறார்.

அந்த வழியில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அதுவே இன்றைய மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். உப்பு வண்டி ஓட்டிய உமணர்களும் அந்த நூலில் வருகிறார்கள்.

அன்று பாணர் செய்த வேலையை இன்று செய்ய வேண்டியவர் யார்? ரேடியோ அறிவிப்பாளர்தான்.

இரண்டு முறை ஒலித்த பாட்டு

இங்கிலாந்தில் ஜான் பீல் என்று ஓர் அறிவிப்பாளர் இருந்தார். 1967-ம் ஆண்டு முதல் 2004-ல் இறக்கும் வரை பி.பி.சி. ரேடியோவில் வேலை பார்த்தார். இசைத்தட்டைப் போடுவது, பாடியவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது, இதுதான் அவர் தொழில். இத்தகையவர்களை அங்கே 'டிஸ்க் ஜாக்கி' என்பார்கள். நம் ஊர் எப்.எம். நிலையங்களில் 'ரேடியோ ஜாக்கி' என்கிறோம்.

பெயர் தெரியாத இளைஞர்கள் அனுப்பும் ஒலிநாடாக்களை ஜான் பீல் பொறுமையாகக் கேட்பார். 1978-ல் வட அயர்லாந்து இளைஞர்கள் சிலரின் பாட்டு அவரிடம் வந்தது. 'அண்டர்டோன்ஸ்' என்பது அவர்கள் குழுவின் பெயர். அந்தப் பாட்டை ரேடியோவில் போட்டார். முடிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? உடனே அதே பாட்டை இன்னொரு முறை போட்டார்! அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அந்த இளைஞர்களைத் தேடி வந்தது.

இலங்கையிலிருந்து வந்த குரல்

இது வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். தமிழிலும் நடந்திருக்கிறது.

1952-ல் மத்திய மந்திரி பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளைக் குறைத்தார். மக்களின் ரசனையை உயர்த்துவது அவர் எண்ணம். நடந்தது வேறு. மக்கள் ரேடியோவை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தது. கடைசியில் 1957-ல் 'விவித பாரதி' தொடங்கப்பட்டது. சினிமாப் பாட்டு திரும்பி வந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தடை போட்டு ரசனையை மாற்ற முடியாது. புதியதைப் பக்கத்தில் வைத்துத்தான் பழக்க வேண்டும்.

இலங்கையில் அப்படித்தான் நடந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை சினிமாவுக்காகப் பிறந்த பாட்டுகள் அல்ல. 'பொப்பிசை' என்று அங்கே அழைக்கப்பட்டவை. வானொலியில் சினிமாப் பாட்டுகளோடு அவையும் ஒலித்தன. கடல் தாண்டி இங்கேயும் பரவின. மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும் 'சுராங்கனி'யைப் பின்னால் சினிமாவே எடுத்துக்கொண்டது!

இன்றைய நிலை என்ன?

தனியார் எப்.எம். நிலையங்கள் விளம்பர வருமானத்தில் நடக்கின்றன. தெரிந்த பாட்டு ஒலித்தால்தான் கேட்பவர் இருப்பார், கேட்பவர் இருந்தால்தான் விளம்பரம் வரும் என்பது அவர்கள் கணக்கு. பல நிலையங்களில் பாட்டுப் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. அறிவிப்பாளர் விரும்பினாலும் புதுப் பாட்டைச் சேர்ப்பது கடினம்.

செல்போனில் தேடிக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டுமே! 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ற தனிப்பாட்டைக் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். சினிமா இல்லாமலும் பாட்டு வெல்லும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதன் பின்னால் பெயர் பெற்ற இசையமைப்பாளர் இருந்தார். பெயர் இல்லாதவர் என்ன செய்வார்?

வழி இருக்கிறது

வானில் செல்லும் ரேடியோ அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதன் பிறகு சமுதாய வானொலிக்கு வழி பிறந்தது. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அத்தகைய நிலையம் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தனி மனிதருக்கும் அரசியல் கட்சிக்கும் அனுமதி கிடையாது.

இது சிறிய நிலையம். பெரும்பாலும் 50 வாட் கருவி. பத்துப் பதினைந்து கிலோ மீட்டர் தூரம் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி. செலவுக்காக மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்று 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள்.

பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் 'கடல் ஓசை' தொடங்கியது. அங்கே முடிந்தது மரக்காணத்தில் முடியாதா?

மரக்காணத்துக்குத் தெற்கே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' இருக்கிறது. ஆனால் அது இருபது கிலோ மீட்டருக்கு அப்பால். ஒலி வந்து சேருவதற்குள் தேய்ந்துவிடும்.

யார் முன்வருவார்?

உப்பளக் கரைக்கு ஒரு நிலையம் வந்தால் பாட்டு மட்டுமா கிடைக்கும்? திடீர் மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். மழை வருவதை முன்கூட்டியே, தெரிந்த குரலில், தங்கள் பேச்சில் கேட்டால் எவ்வளவு உதவி!

மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. மோட்டார் படகு வந்த பிறகு அது குறைந்துவிட்டது. பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே பேரன் எழுதிய புதுப் பாட்டையும் ஒலிக்கச் செய்யலாம்.

கல்லூரிகளும் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களும் மனது வைத்தால் விண்ணப்பிக்கலாம். அதுவரை, இப்போதுள்ள நிலையங்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அகில இந்திய வானொலியில் கிராமியப் பாடகர்களுக்குக் குரல் தேர்வு உண்டு. தேறியவர்களுக்குச் சன்மானமும் உண்டு. அந்தச் சேதியாவது இந்தக் கரைக்கு எட்டட்டும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. ஊர் ஊராக உப்பு அனுப்புகிறது மரக்காணம். அந்த ஊரின் பாட்டும் நாலு ஊருக்குப் போக வேண்டாமா?