பெரிய எழுத்தும் பெரிய மனிதர்களும்

சென்ற மாதம் நம் சங்க நண்பர் ஒருவரின் மகன், வேலைக்காக ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "மாமா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்" என்றான். அவன் அப்பா ரயில்வேயில் டிராக்மேன். அந்தக் காலத்துப் பெயரில் கேங்மேன். 'என் தந்தை டிராக்மேன், சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயரின் கீழ் வேலை செய்கிறார்' என்று எழுதியிருந்தான். இன்ஜினீயர் பதவியின் மூன்று சொற்களுக்கும் பெரிய எழுத்து. பெற்ற தகப்பனின் வேலைக்குச் சின்ன எழுத்து.

எனக்குச் சுருக்கென்றது. 35 வருஷம் நானும் இதையேதான் செய்தேன்.

1980-களில் டிப்ளமா முடித்து பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்த புதிது. குளிர்கால விடியற்காலையில் தண்டவாள விரிசலைக் கண்டு, சிவப்பு விளக்குக் காட்டி வண்டியை நிறுத்திய கேங்மேனுக்குப் பரிசு கேட்டு ரிப்போர்ட் அனுப்பினேன். அதில் டிவிஷனல் இன்ஜினீயர் முதல் என் பதவிவரை எல்லாம் பெரிய எழுத்து. வண்டியைக் காப்பாற்றியவருக்கு மட்டும் சின்ன எழுத்து. டைப் அடித்தவரும் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட நானும் கவனிக்கவில்லை.

தமிழில் இந்தப் பெரிது, சிறிது கிடையாது. மரியாதைக்கு நமக்கு 'அவர்கள்' இருக்கிறது, 'ஆர்' விகுதி இருக்கிறது. அந்தப் பழக்கத்தில், ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் பொன்னாடையாக நினைத்துப் பதவி பார்த்துப் போர்த்துகிறோம். உண்மையில் அது தனிப்பெயருக்கான அடையாளம், அவ்வளவுதான்.

விதி எளியது. பதவி, ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிய எழுத்து: பிரசிடெண்ட் ராதாகிருஷ்ணன். கையெழுத்தின் கீழும் முகவரியிலும் அப்படியே. பொதுவாக 'ஓர் இன்ஜினீயர்' என்றால் சின்ன எழுத்து. 'மினிஸ்ட்ரி ஆஃப் ரயில்வேஸ்' என்று முழுப்பெயர் சொன்னால் பெரிய எழுத்து, நடுவிலுள்ள 'ஆஃப்' நீங்கலாக. 'எங்கள் டிபார்ட்மெண்ட்' என்றால் சின்ன எழுத்து.

அரசாங்கக் கடிதங்களில் பதவிகளையெல்லாம் பெரிய எழுத்தில்தானே எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். எழுதட்டும். அப்படியானால் டிராக்மேனுக்கும் அதே எழுத்து வேண்டும். ஒரே தாளில் இரண்டு நீதி கூடாது.

நம் அரசியல் சாசனத்தின் ஆங்கில வாசகத்தைப் பாருங்கள். குடியரசுத் தலைவருக்கும் கவர்னருக்கும் முதல் எழுத்து மட்டும்தான் பெரியது. முகவுரையின் தொடக்கத்தில் வரும் 'இந்திய மக்களாகிய நாம்' என்ற சொற்களுக்கோ அத்தனை எழுத்தும் பெரியது!

உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிழை இலக்கணத்தில் மட்டும் இருக்காது.

அந்தப் பையன் திருத்த உட்கார்ந்தான். இன்ஜினீயரைச் சின்ன எழுத்தாக்கும்போது அவன் கை தயங்கியது. "சார் பார்த்தால் தப்பாக நினைக்க மாட்டாரா மாமா?"

"நானும் சாராக இருந்தவன்தான். எழுது" என்றேன்.