மலை இறங்குமுன் ஒரு கேள்வி

கல்வராயன் மலைக்குப் போய் மேகம் அருவியைப் பார்க்க வேண்டுமென்று குழந்தைகள் பிடுங்கி எடுக்கிறார்களா? வீட்டில் இருப்பதோ லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய மாருதி 800. 2014-லேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அதனாலென்ன, தாராளமாகப் போகலாம்! ஆனால் கள்ளக்குறிச்சியைத் தாண்டுமுன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷமாயிற்று?

என்ஜின் ஆயிலை வேளாவேளைக்கு மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவதுண்டு. மழைக்காலத்து உப்பைப் போல, பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய 'டாட் 3' ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிவிட்டாலோ 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம்.

ஏறும்போது ஒன்றும் தெரியாது. வெள்ளிமலையிலிருந்து வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போதுதான் சூடேறி, ஆயிலில் ஆவிக் குமிழிகள் கிளம்பும். ஆயில் அழுந்தாது, ஆவி அழுந்திவிடும். மிதித்த பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது!

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற ஆகும் செலவு சொற்பம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வந்தால், என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கும் ஓய்வு.

ஓட்டுவது நீங்களானாலும் சரி, அவரானாலும் சரி, புளியோதரை கட்டுவதற்கு முதல் நாளே மெக்கானிக்கிடம் விசாரித்துவிடுங்கள். 'அவருக்குத் தெரியாதா என்ன?' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், அம்மா!