இருமொழிப் பள்ளியும் சேரித் தமிழும்

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் அறிவாளிகளுக்கு நாக்கு இனித்துப் போகிறது. 1826இல் தொடங்கியது, நெடிய பாரம்பரியம், பிரெஞ்சும் தமிழும் ஒரே கூரைக்கடியில், இரு பண்பாடுகளின் சந்திப்பு என்று அடுக்குகிறார்கள். சந்திப்பு சரி. யாரும் யாரும் சந்தித்தார்கள்? அப்போது நாம் எங்கே நின்றுகொண்டிருந்தோம்?

பிரெஞ்சு மொழிக்கு நாம் ஒரு சொல் கொடுத்திருக்கிறோம்: 'பரியா'. பறையர் என்ற பெயர்தான் கப்பலேறிப் போய் 'பரியா' ஆனது. சமூகம் ஒதுக்கித் தள்ளிய எவரையும் குறிக்கும் சொல்லாக அவர்கள் அகராதியில் உட்கார்ந்துகொண்டது. 1821இல் கசிமிர் தெலவீஞ் எழுதிய 'லெ பரியா' என்ற சோக நாடகம் பாரிஸில் மேடையேறியது. ஐந்தே வருஷம் கழித்து பாண்டிச்சேரியில் 'ராயல் கல்லூரி' திறந்தார்கள். யாருக்கு? வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பறையனுக்காக மேடையில் அழலாம், பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தர முடியாது. இதுதான் அந்தப் பாரம்பரியத்தின் முதல் பக்கம்.

நகரத்தையும் இப்படித்தான் எண்ணினார்கள். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். அந்தக் கறுப்பு நகரத்திலும் வேளாளருக்கு ஒரு தெரு, செட்டிக்கு ஒரு தெரு, கோமுட்டிக்கு ஒரு தெரு. சேரி இரண்டுக்கும் வெளியே. வெள்ளை – கறுப்பு, பிரெஞ்சு – தமிழ் என்று இரண்டிரண்டாக எண்ணும்போதெல்லாம் மூன்றாவதாக நிற்கிற நாம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறோம். 'இருமொழி' என்பதும் அதே கணக்குதான்.

'பிரெஞ்சுக்காரன் சமத்துவம் கொடுத்தானே' என்பார்கள். கொடுத்த கதையையும் பார்த்துவிடலாம். 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. இந்துச் சட்டத்தையும் சாதி வழக்கத்தையும் துறந்து, ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. நம்மவர்களும் கிறித்தவர்களும்தான் அதிகமாகக் கையெழுத்துப் போட்டார்கள். துறப்பதற்கு நம்மிடம் இருந்தது சாதி இழிவு ஒன்றுதானே! சாதி இந்துக்களோ சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அதை எதிர்த்து நின்றார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கினார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். துறந்தவன் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தான், பிரெஞ்சுக்காரன் பட்டியலில் வரவில்லை. மறுபடியும் தனிப் பந்தி!

1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. சொல்தாவாகப் போய்வந்த தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தால், இன்று அந்தப் பேரப்பிள்ளை பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கேட்கலாம். அதே தெருவில், அதே சாதியில், பங்காளி வீட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. கட்டணம் கட்ட முடிந்தால் உள்ளே வரலாம், இல்லையென்றால் வெளியே நின்று மதில் சுவரைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளை கிறித்தவப் பிள்ளையாகவும் இருந்துவிட்டால் 1964ஆம் வருஷத்துப் பாண்டிச்சேரி அட்டவணைச் சாதிகள் ஆணையும் கைவிரித்துவிடுகிறது. பாரிஸும் 'நீ எங்க ஆள் இல்ல' என்கிறது, தில்லியும் 'நீ எங்க லிஸ்ட்ல இல்ல' என்கிறது.

உள்ளே போன பிள்ளைகளின் கதை வேறு. 'எங்கள் பள்ளியில் சாதி கேட்பதில்லை, எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள்' என்பது பிரெஞ்சுக் குடியரசின் பெருமை. ஒன்றாகச் சாப்பிடுவது சின்ன விஷயமில்லை. கோயிலும் டீக்கடையும் தராததை ஒரு பள்ளிக்கூடம் தந்தால் அதை நான் மட்டம் தட்டமாட்டேன். ஆனால் கேட்காமல் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றா? அந்த மேசையிலிருந்து எழுந்து போகிற பிள்ளை வேளாளர் வீட்டுக்கோ சேரிக்கோதான் போகிறது. அவரவர் பெரியம்மாவுக்கு யார் யார் என்பது நன்றாகவே தெரியும். நேஷனாலிட்டிக்கு வரதட்சிணையில் விலை பேசும்போதும் சாதி பார்த்துத்தான் பேசுகிறார்கள். சாதியைப் பாடத்தில் பேசாத பள்ளி, சாதியைச் சாதிக்காரன் வீட்டில் படித்துக்கொள்ள விட்டுவிடுகிறது.

சரி, தமிழும் சொல்லித்தருகிறார்களே? எந்தத் தமிழ்? வீராம்மா என்ற பெயரை இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பாண்டிச்சேரிப் பக்கத்துக் கிராமத்துச் சேரிக்காரி. பண்ணை வேலை செய்தவள், பிள்ளைப்பேறு பார்த்தவள், பாட்டுக்காரி. அவள் தன் வாழ்க்கையைத் தமிழில் சொன்னாள். ஜோசியான் ராசினும் ழான்-லுக் ராசினும் அதைக் கேட்டுப் பதிந்து பிரெஞ்சுப் புத்தகமாக்கினார்கள். 1995இல் பாரிஸில் வந்தது. தலைப்பில் 'பரியா' இருக்கிறது, அடிமைப்பட்டவர்களின் சிரிப்பும் இருக்கிறது. பிரெஞ்சும் தமிழும் உண்மையிலேயே சந்தித்தது இங்கேதான். ஒரு பறைச்சியின் வாயில்! 'இருமொழிப் பள்ளி' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள் முதல் பாடமாக வைத்திருக்க வேண்டியது இந்தப் புத்தகத்தைத்தான்.

இதைச் சொன்னால் தமிழ்ப் பற்றாளர்கள் சந்தோஷப்படுவார்கள், 'பிரெஞ்சு எதற்கு, தாய்மொழி போதும்' என்று. ஐயா, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் செந்தமிழ் எங்கள் பேச்சைக் 'கொச்சை' என்றுதானே பள்ளிக்கூடத்தில் திருத்தியது? 'வூடு' என்ற பிள்ளையின் கையில் பிரம்பால் அடித்தது பிரெஞ்சு வாத்தியாரா? நமக்குப் பிரெஞ்சும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். உலகத்தில் எத்தனை மொழி உண்டோ அத்தனையும் நம்ம புள்ளைங்க வாய்க்கு வரட்டும். ஆனால் எந்த மொழியும் நம் வாயைப் பூட்டிவிட்டு வரக்கூடாது.

கேட்பது இதுதான். உதவித்தொகையைத் தாத்தாவின் கையெழுத்தை வைத்து அளக்காதே. சேரிப் பிள்ளைக்கென்று இடம் வை. வீராம்மாவையும் பாமாவையும் வகுப்புக்குள் கொண்டு வா. புதுவை அரசு, சேரியை ஒட்டிய அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சை ஒழுங்காகச் சொல்லித்தரட்டும். இதையெல்லாம் செய்யும்வரை அதை இருமொழிப் பள்ளி என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. இரண்டு எஜமானர்களின் மொழியைப் பேசுகிற பள்ளி என்றுதான் சொல்வோம்.