விலை குறைந்த கிற்றாரும் விழுமிய இசையும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எல்லாத் துறைகளிலும் உண்டாயினும், இசைக்கருவித் துறையில் அது சிறிது மிகுதியாகவே காணப்படுகின்றது. விலையுயர்ந்த கருவி இசை தரும், விலை குறைந்தது ஓசை மாத்திரமே தரும் என்னும் எண்ணம் பெற்றோரிடத்தும் மாணாக்கரிடத்தும் வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணத்தை ஆராய்தற்பொருட்டு, 1950களிலும் 1960களிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் யப்பானிலும் மலிவாகச் செய்யப்பட்ட மின்கிற்றார்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். விந்தையான வடிவமும் எளிய பொருள்களால் அமைந்த உடலும் கொண்ட இக்கருவிகளை இன்று பல நாட்டு இளைஞர் விரும்பித் தேடுகின்றனர். அவ்விருப்பத்தின் காரணம் யாது? அது தக்கதோர் விருப்பமா? இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கிற்றாரோடு என்ன தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் நகைக்கவுங்கூடும். நகைப்பாராக, முடிவில் அவர்களிடமே ஒரு வேண்டுகோளை வைக்க எண்ணியுள்ளோம்.

முதற்கண், மின்கிற்றார் ஒலிக்கும் முறையை அறிதல் வேண்டும். வீணையின் ஒலி அதன் குடத்திலே வளர்வது. ஆதலின் முற்றிய பலாமரமும் கைதேர்ந்த தச்சனும் இன்றி நல்ல வீணை அமைவதில்லை. மின்கிற்றாரின் நிலை அதுவன்று. உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் கீழே காந்தத்தைச் சுற்றியமைந்த செப்புக்கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. பிக்கப் என வழங்கும் இவ்வுறுப்பிலிருந்து செல்லும் மின்னோட்டத்தை ஒலிபெருக்கி பன்மடங்கு வளர்த்து ஒலியாக்குகின்றது. ஆகவே உடலின் மரம் ஒலியைச் சிறிது வேறுபடுத்தலாமேயன்றி, ஒலிக்குப் பிறப்பிடம் ஆவதில்லை. ரிக்கன்பக்கர் என்னும் பெயரால் இன்று அறியப்படும் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் வெளியிட்ட முதல் மின்கிற்றார் வார்ப்பு அலுமினியத்தாலேயே செய்யப்பட்டது. அதன் தோற்றம் நோக்கிப் பொரிக்குஞ் சட்டி என்று பட்டப்பெயரும் இட்டனர். மரமே இல்லாத கருவியும் இசைத்தது என்பதை நினைவிற் கொள்க.

இவ்வுண்மையை நன்குணர்ந்து பயன்கொண்டவர் நேதன் டானியல் என்பார். இவர் 1947ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தில் டானெலெக்ரோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, முதலில் ஒலிபெருக்கிகளையும், 1954 முதல் கிற்றார்களையும் செய்து விற்றார். மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அமைத்து, அதன் முன்னும் பின்னும் மேசனைற் எனப்படும் ஹாட்போட் பலகையைப் பொருத்தி உடலாக்கினார். அலுமாரியின் முதுகுக்கு அடிக்கும் பலகை எதுவோ, ஏறத்தாழ அதுவே இது. பக்கங்களில் தெரியும் பொருத்துவாய்களை வைனைல் நாடாவால் மறைத்தார். பிக்கப்பின் காந்தத்தையும் சுருளையும் அடைத்து வைக்க, உதட்டுச்சாயம் விற்கும் உலோகக் குழாய்களை வாங்கிப் பயன்படுத்தினார். மகளிர் கைப்பையிற் கிடக்கும் அக்குழாய், கிற்றாரின் நெஞ்சிலே பளபளவென்று அமர்ந்தது.

இவையாவும் சிக்கனத்தின் பொருட்டுச் செய்யப்பட்டவையே. ஆயினும் அவர் எங்கே குறைத்தார், எங்கே குறைத்திலர் என்பதே நாம் கருதத்தக்கது. கண்ணுக்கு ஆடம்பரமாவனவற்றைக் குறைத்தார். கைக்கும் காதுக்கும் வேண்டுவனவற்றைப் பேணினார். தண்டி வளையாதிருக்க அதனுள்ளே உருக்குச் சட்டம் வைத்தார். இரண்டு பிக்கப்புகளை ஒருங்கே இயக்கும்போது அவை தொடராக இணைந்து ஒலியை வலுப்படுத்துமாறு கம்பியிணைப்பை வகுத்தார். அக்கருவிகளின் ஒலி தெளிவும் மணியோசை போன்ற கூர்மையும் உடையது. விலையுயர்ந்த கருவிகளின் ஒலிக்கு அது போலியன்று, தனக்கேயுரிய ஒலி. 1956இல் இந்நிறுவனம் வெளியிட்ட ஆறுதந்தித் தாழ்சுருதிக் கிற்றாரை நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவாளர் பெரிய பேஸ் வாத்தியத்துக்குத் துணையாக வைத்துப் பல பாடல்களைப் பதிவு செய்தமையும் இதனாலேயே.

இவற்றை வாங்கியோர் யாவர்? சியர்ஸ் றோபக் என்னும் பெருவணிக நிலையம் சில்வர்டோன் என்ற பெயரோடு இக்கருவிகளைத் தன் கடைகளிலும் அஞ்சல்வழிப் பட்டியலிலும் விற்றது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஒரு சில்வர்டோனின் பெட்டியிலேயே சிறிய ஒலிபெருக்கியும் பொருத்தப்பட்டிருந்தது. பெட்டியைத் திறந்து, கிற்றாரை எடுத்து, கம்பியைச் செருகினால் வாசிப்பு தொடங்கிவிடும். கிற்றார், ஒலிபெருக்கி, பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து 70 டொலருக்கும் குறைந்த விலை. 1954இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ரற்றோகாஸ்டர் கிற்றார் ஒன்றுக்கே ஏறத்தாழ 250 டொலர் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. நகரத்து இசைக்கருவிக் கடையின் வாயிலை மிதித்தறியாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இசையின் கதவு அஞ்சற் பொதியின் வடிவிலே திறந்தது.

டானெலெக்ரோ தனித்து நின்றதன்று. சிக்காகோவின் வல்கோ நிறுவனம் சுப்ரோ, ஏயர்லைன் முதலிய பெயர்களிற் கிற்றார்களை அளித்தது. அவற்றுட் சில கண்ணாடியிழையால் இரு பாதிகளாக வார்க்கப்பட்டு, நடுவே பட்டியிட்டு இணைக்கப்பட்டவை. செந்நிறமும் கூரிய கோணங்களும் கொண்ட அவை, இசைக்கருவியோ விண்கலமோ என்று ஐயுறத்தக்கன. யப்பானில் 1946இல் தோன்றிய ரீஸ்கோ நிறுவனம் பலவகைப் பொத்தான்களும் பொன்னிறத் தகடு போர்த்த பிக்கப்புகளும் உடைய கிற்றார்களை ஏராளமாக ஏற்றுமதி செய்தது.

நிற்க. இத்தகைய கருவிகளை வாசித்தோர் வரிசையை நோக்குவோம். ஜிமி ஹென்றிக்ஸ் இளமையிற் பெற்ற முதல் மின்கிற்றார் தந்தையார் வாங்கிக்கொடுத்த சுப்ரோ. அது களவு போனபின் அவர் கையில் இருந்தது ஒரு டானெலெக்ரோ. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், எந்தக் கருவியையும் வாங்கவல்ல நிலையை அடைந்த பின்னரும், சுருதி மாற்றி வாசிக்கும் சில உருப்படிகளுக்கு டானெலெக்ரோவையே மேடையில் எடுத்தார். சிக்காகோவின் ஹவுண்ட் டோக் ரெயிலர் யப்பானிய மலிவுக் கிற்றாரின் கரகரத்த ஒலியையே தம் ஒலியாக்கி, 1971இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். றை கூடர் என்னும் பெருங்கலைஞர், ரீஸ்கோவின் பொன்தகட்டுப் பிக்கப்பைக் கழற்றித் தம் உயர்ந்த கிற்றாரிற் பொருத்திக்கொண்டார். வறுமையால் வாங்கியோரும் உளர். வளமுற்றபின் விரும்பி வைத்திருந்தோரும் உளர். பின்னவரின் செயலை வறுமையால் விளக்குதல் இயலாது.

இன்றைய இளைஞரை இக்கருவிகள் ஈர்ப்பதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். ஒன்று, தனித்தன்மை. கடைகளில் தொங்கும் கிற்றார்களிற் பெரும்பாலானவை இரண்டு மூன்று பழைய வடிவங்களின் படிகளே. அக்கூட்டத்தின் நடுவே நீண்ட கொம்புகளோடு நிற்கும் ஒரு டானெலெக்ரோ தன் முகத்தைத் தானே காட்டுகின்றது. இரண்டு, அச்சமின்மை. விலைமதிப்பற்ற கருவியைத் தொடுவோன் அதற்குக் காவற்காரனாகின்றான். மலிவான கருவியைத் தொடுவோன் அதனோடு விளையாடுகின்றான், கழற்றிப் பார்க்கின்றான், அதனாற் கற்கின்றான். மூன்று, நேர்மை. ஹாட்போட் பலகை கருங்காலியென நடிக்கவில்லை. எளிமையை ஒளியாது அதனையே அழகாக்கிக் கொள்ளும் பொருளிடத்து நமக்கு ஓர் அன்பு பிறத்தல் இயல்பு. யாழின் வளைவை நோக்காது அதன் இசையை நோக்கியே அதனை மதிக்கவேண்டும் என்னுங் கருத்தை வள்ளுவர் உவமை முகத்தாற் கூறியுள்ளார். அவர் கருத்து மனிதரைப் பற்றியதேயாயினும், உவமை இங்கும் பொருந்துவதே.

இனி, மறுப்புரைகளையும் செவிமடுத்தல் அறம். மலிவுக் கருவிகள் யாவும் நல்லவை என்று யாம் கூறவில்லை. அக்காலத்தில் வந்தவற்றுட் பல, தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மிகுந்த இடைவெளி கொண்டு, பழகுவோன் விரல்களைப் புண்ணாக்கின. முறுக்காணிகள் நழுவிச் சுருதி கலைந்தது. உதிரிப்பொருள் கிடையாமை மற்றொரு குறை. த ஹூ குழுவின் ஜோன் என்ட்விசில் 1965ஆம் ஆண்டளவில் டானெலெக்ரோவின் நீள்கொம்புப் பேஸ் கிற்றாரை வாங்கினார். அதன் மெல்லிய தந்தி அறுந்தபோது இங்கிலாந்தில் மாற்றுத் தந்தி கிட்டாமையால், தந்திக்காகவே வேறொரு கிற்றாரை வாங்க நேர்ந்ததாக அவரே பின்னாளிற் கூறியுள்ளார். மலிவு என்பது வாங்கும் நாளின் விலையால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. பேணுஞ் செலவையும் கூட்டியே கணக்கிடல் வேண்டும்.

இதனினும் பெரிய குறை வேறொன்றுண்டு. பழமை மோகம் வணிகமாகிவிட்டது. ஒருகாலத்தில் ஏழைக்கென்று செய்யப்பட்ட அதே கிற்றார்கள் இன்று பழம்பொருள் சேர்ப்போர் கையில் முதல்விலையின் பன்மடங்குக்கு விற்பனையாகின்றன. சுவரில் மாட்டப்பட்டு, தந்தி துருவேறி, கண்காட்சிப் பொருளாகும் சில்வர்டோனைக் கண்டு யாம் மகிழ்வதற்கில்லை. அது பிறந்த நோக்கம் அங்கே தோற்றுவிட்டது. ஆதலின் பழைய கருவியைப் பெருவிலை கொடுத்துத் தேடுவதைக் காட்டிலும், அவ்வடிவத்தையும் ஒலியையும் தழுவிப் புதிதாகச் செய்யப்படுவனவற்றை நாடுதலே தக்கதென்பது எமது துணிபு. 1966இல் கைமாறி 1969இல் மூடப்பட்ட டானெலெக்ரோவின் பெயரை 1990களிற் பெற்ற வேறொரு நிறுவனம், அப்பழைய வடிவங்களைக் கொரியாவிலும் பின்னர்ச் சீனாவிலும் செய்வித்து விற்கத் தொடங்கியது. ஏயர்லைன் வடிவங்களைக் கனடாவின் ஈஸ்ட்வுட் நிறுவனம் புதுப்பித்தது. இயந்திரத்தால் நுட்பமாகச் செதுக்கப்படும் இக்காலத் தண்டிகள் பழையவற்றினும் செம்மையானவை. பழமையின் குணத்தைக் கொண்டு, குற்றத்தை விடுத்தல் என்பது இதுவே.

மின்கிற்றார் மாணவரைக் கெடுக்கும் என்பாரும் உளர். இது புதிய அச்சமன்று. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் த வென்சேர்ஸ் என்னும் அமெரிக்கக் குழுவின் வருகையால் யப்பானெங்கும் மின்கிற்றார் வேட்கை பரவியபோது, அவ்வாண்டிலேயே அஷிகாகா நகரக் கல்விச்சபை மாணாக்கர் மின்கிற்றாரை நாடலாகாதெனத் தடைவிதித்தது. தடையால் வேட்கை தணிந்ததா? இல்லை, அடுத்த சில ஆண்டுகளில் யப்பானிய இளைஞர் தமக்கென ஓர் இசைவகையையே உருவாக்கிக் கொண்டனர். ஆசிரியர்கள் இதிற் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. மாணவன் கையை நாடிவரும் கருவியைத் தட்டிப் பறிப்பதைவிட, சுருதி சேர்க்கக் கற்பிப்பது நன்று. சுருதியும் தாளமும் அறிந்த செவி, எக்கருவியிற் பழகியதாயினும், நல்லிசையை ஒருநாள் இனங்காணும்.

யாழின் பெயரைத் தாங்கிய நகரையுடைய நாட்டில் வாழும் நமக்கு இன்னுமொரு நினைவு எழுகின்றது. டானியல் தம் தொழிலைத் தொடங்கிய அதே 1947ஆம் ஆண்டிலேதான், சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ் நூல் அரங்கேறியது. வழக்கிழந்துபோன ஒரு கருவியின் அமைப்பை ஏடுகளிலிருந்து மீட்டுணர அப்பேரறிஞர் எத்துணை அரும்பாடுபட்டார்! ஒரு கருவி நூலினுள்ளும் வாழலாம். ஆயினும் அஃது உயிரோடு வாழ்வது பலர் கைகளிலேயே. பலர் கைக்கு எட்டாத கருவி, எத்துணைச் சிறந்ததாயினும், நாளடைவில் அருமைப்பொருளாகி ஒடுங்கும்.

ஆகவே, பழைய மாணவர்களே, இவ்விழாக் காலத்தில் உங்கள் கல்லூரிக்கு எதையேனும் ஈயவேண்டும் என்று எண்ணுகின்றீர்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப்பின் இறக்குமதிப் பொருள்களின் விலை எங்ஙனம் உயர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்; பிள்ளைக்குக் கொப்பி வாங்கவே கணக்குப் பார்க்கும் பெற்றோர் கிற்றார் வாங்கார். கண்ணாடிப் பேழையுள் வைத்துப் பூட்டுதற்குரிய விலையுயர்ந்த கருவியொன்றை வாங்கித் தந்து, அதன்மீது பெயர்ப்பலகை பொறித்தல் எளிது. அத்தொகைக்கே எளிய கிற்றார்கள் நான்கைந்து வாங்கலாம். வாங்குமுன் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு தண்டி நேரியதா, முறுக்காணி உறுதியானதா என்று சோதியுங்கள். மாற்றுத் தந்திகளையும் உடன் அனுப்புங்கள். மாணவன் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் இசைவு தாருங்கள். கீறல் விழும், விழட்டும். கீறல் விழாத கருவி வாசிக்கப்படாத கருவியே.

வீணையும் வயலினும் பயிலும் மாணவர்க்கு அருகே, ஹாட்போட் கிற்றாரோடு ஒரு மாணவனும் சுருதி சேர்த்துக்கொண்டு அமரட்டும். அவனுள் எத்தகைய இசை உறைகின்றது என்பதை அவன் கருவியின் விலை நமக்குக் கூறப்போவதில்லை.